சித்தப்பாவின் ஹார்லி டபிள்யூஎல்ஏ: விற்றபோது வந்தவர்கள்

கொழிஞ்சாம்பாறை உறுப்பினர்:

சித்தப்பா வைத்திருந்த ஹார்லி டேவிட்சன் டபிள்யூஎல்ஏ போன தை மாதம் கைமாறியது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்த ராணுவ வண்டி. 45 கன அங்குல ஃபிளாட்ஹெட் (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய வகை) இன்ஜின், கிட்டத்தட்ட 740 சிசி. முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் சித்தப்பா ஆர்சியை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். நிறுத்தியே வைத்தால் வீணாகிவிடும், ஓட்டுகிற ஆள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். விலை அதற்கு அப்புறம்தான்.

முதலில் திருச்சூர் பக்கமிருந்து ஒருவர் வந்தார். கல்யாண மண்டப வாசலில் நிறுத்தி வைக்கக் கேட்டார். "ஸ்டார்ட் ஆகலைன்னாலும் பரவாயில்லை சேட்டா" என்றார். நல்ல விலைதான் சொன்னார், ஆனாலும் மறுத்துவிட்டோம்.

அடுத்து கோவையிலிருந்து ஒரு தம்பி. பின் மட்கார்டை வெட்டி பாபர் (மட்கார்டைக் குறைத்து மொட்டையாக்கிய ஸ்டைல் வண்டி) ஆக்கப் போவதாக ஆசையாகச் சொன்னான். 50 வருஷம் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் பதிவு என்று தனி விதி கொண்டுவந்தது. வெட்டினால் அந்தத் தகுதி போய்விடும் என்று எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வலது பக்க டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் அளவு பார்த்தான். இந்த மாடலில் பெட்ரோல் இடது டேங்கில். வலதில் இருப்பது இன்ஜின் ஆயில். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். வலதில் ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றினால் இன்ஜின் கதி என்னவாகும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

போனில் கேட்டவர்கள் பாதிப் பேர் சேசிஸ் நம்பரில் நின்றுவிட்டார்கள். அந்தக் கால ஹார்லி ஃபிரேமில் கம்பெனி போட்ட சேசிஸ் நம்பர் கிடையாது. இன்ஜின் கேஸின் இடது பக்கம் வெட்டியிருப்பதுதான் வண்டியின் ஒரே அடையாள எண். எங்கள் ஆர்சியில் இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் என்ற இரண்டு கட்டத்திலும் அதே எண் இருந்ததால் டூப்ளிகேட் என்று சந்தேகப்பட்டார்கள். இன்னொன்று, 1942-லிருந்து 1945 வரை வந்த டபிள்யூஎல்ஏ எல்லாவற்றுக்கும் எண் 42 என்றே தொடங்கும். அதனால் வருஷம் கேட்டவர்களிடம் "42-க்கும் 45-க்கும் நடுவில்" என்றுதான் சொன்னேன். அடித்து "1942 மாடல்" என்று சொல்லி விற்பது சரியில்லை.

கடைசியில் வாங்கியவர் உடுமலையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வச்சிராதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வந்ததும் சிலிண்டர் மேல் உள்ளங்கையை வைத்து, ஜில்லென்று இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் டார்ச் அடித்து எண்ணைப் படித்தார். சோக் போட்டு, சாவியைத் திருப்பாமலே ரெண்டு கிக், பிறகு சாவி, இடது கைப்பிடியைத் திருப்பி ஸ்பார்க்கைத் தாமதித்து ஒரே உதை. பிடித்துக்கொண்டது. அந்த ஏறுமாறான துடிப்பைக் கண்ணை மூடிக் கேட்டார். குதிகாலால் கிளட்சை விடுவித்து, டேங்க் பக்கத்து லிவரை இடது கையால் முதல் கியருக்குத் தள்ளி, முன் பாதத்தால் கிளட்சை மெல்ல அழுத்திப் பிடிக்க வைத்து, தோப்பு வழியாக ஒரு சுற்று வந்தார். கால் கிளட்ச் பழகியவர் என்பது பார்த்ததுமே தெரிந்தது. சித்தப்பா திண்ணையிலிருந்தே "இவருக்கே குடுத்துரு கண்ணு" என்றார்.

கம்பம் உறுப்பினர்:

குமுளியில் இதே மாடல் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வண்டி பளபளவென்று இருந்தது. ஆனால் எண் இருக்கிற இடம் மட்டும் அரம் போட்டது மாதிரி வழவழப்பு. எழுத்துகளும் ஏற்ற இறக்கமாக இருந்தன. சுற்றியுள்ள வார்ப்பின் சொரசொரப்பு அங்கே காணோம். அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிட்டேன். வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்கும் முன் அந்த இடத்தைப் பாருங்கள். உங்களுக்கு கேரளாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு மாற்றியது எப்படி நடந்தது?

கொழிஞ்சாம்பாறை உறுப்பினர்:

ஆர்டிஓ ஆபீஸில் ஃபார்ம் 28 கொடுத்து என்ஓசி (வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கினோம், பெயர் மாற்றத்துக்கான 29-ம் 30-ம் அதோடு. எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரின்ட்டையும், வெறும் ஃபிரேமின் போட்டோக்களையும் சேர்த்து வைத்தேன். சேசிஸ் நம்பர் எங்கே என்ற கேள்வி அங்கேயும் வரும், அதற்குக் காட்ட ஏதாவது கையில் வேண்டும். என்ஓசி வரும்வரை வண்டியை எங்கள் ஷெட்டிலேயே வைத்திருந்தேன். வாங்கியவரும் அதுதான் சரி என்றார். விற்று முடித்தோம் என்று பேப்பர் இல்லாமல் எல்லை தாண்ட விடாதீர்கள். பெயர் மாறும்வரை அங்கே எது நடந்தாலும் நோட்டீஸ் பழைய ஓனர் வீட்டுக்குத்தான் வரும்.

உங்களுக்குப் பார்க்க ஆசையிருந்தால் சொல்லுங்கள், உடுமலைக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அமராவதி அணை ரோட்டில் ஓட்டுகிறாராம்.