ரப்பர் மரத்தூளின் மெய் அடர்த்தி: ஹீலியம் அளவீடு ஓரிடத்தில் நிற்கவில்லை

வணக்கம். பினாங்கில் முதுகலை ஆய்வுக்காக, மறுநடவுக்கு வெட்டப்பட்ட ரப்பர் மரத்தின் செல்சுவர்ப் பொருளுக்கு மெய் அடர்த்தியை அளந்து வருகிறேன். துளைகளிலுள்ள காற்றைக் கழித்துவிட்டால் எந்த மரமும் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம் காட்ட வேண்டும்; ஹீலியத்தில் 1.46 அளவிலும், நீரில் சற்றுக் கூடி 1.53 அளவிலும் வரும்.

கருவி, 10 கன சென்டிமீட்டர் கலம் கொண்ட ஹீலியம் பிக்னோமீட்டர்; கலத்துக்குள் ஹீலியத்தைச் செலுத்தி, அழுத்த மாற்றத்திலிருந்து தூளின் கன அளவைக் கணிப்பது. முதல் சுற்றில் 1.45 வருகிறது, அதே தூளை வெளியே எடுக்காமல் தொடர்ந்தால் சுற்றுக்குச் சுற்று ஏறி 1.52ஐத் தாண்டுகிறது. செப்டம்பர் மழை தொடங்கியதிலிருந்து இதே நிலைதான். அளவுத்திருத்தத்துக்கான எஃகு உருண்டையை வைத்தால் எள்ளளவும் பிசகுவதில்லை, ஆகவே கசிவு என்று நான் நம்பவில்லை. இருந்தும் கலத்தின் மூடியை அடைக்கும் ஓ-ரிங் வளையத்தை மாற்றிப் பார்த்தாயிற்று.

தூளை 103 பாகை செல்சியஸில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய கலனில் (டெசிகேட்டர்) ஆறவைக்கிறேன். ஆனால் இங்குள்ள காற்றின் ஈரப்பதம் தெரிந்ததே: தராசில் வைத்த கணமே கடைசி இலக்கம் மேலே ஊர்கிறது. இன்னும் நுண்மையாக அரைத்தும் ஏற்றம் குறையவில்லை. டொலுவீன் என்ற கரிமத் திரவத்தில் அளந்தபோது 1.44 கிடைத்தது, அது மரத்தை உப்பச் செய்யாது, நுண்துளைகளுக்குள் முழுதாகப் புகவும் செய்யாது என்பதால் ஒப்பீட்டுக்கு மட்டுமே வைத்திருக்கிறேன்.

இந்த ஏற்றம் ஹீலியம் நுண்துளைகளுக்குள் மெல்லப் புகுவதாலா, எஞ்சிய ஈரம் கலத்துக்குள் ஆவியாவதாலா என்பதைப் பிரித்தறிய எந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்?