குளக்கரை நடை – சிங்காநல்லூர்

*செவ்வாய், இரவு 8:12*

கவிதா: நாளைக்குப் பனித்துளியோட தூங்கற பூச்சிங்களைப் படம் எடுக்க நானும் வரேனுங்ணா. சின்னதைக் கிட்டப் போய் பெருசா எடுக்கற மேக்ரோ லென்ஸ், அதுவும் போன்ல மாட்டற கிளிப்தான் இருக்கு. 8 மணிக்கு வந்தா போதுமுங்களா?

செந்தில் அண்ணா: 8 மணிக்குள்ள பூச்சியெல்லாம் பறந்துரும்மா. இப்ப சூரியன் 6:40 வாக்குலதான் வருது, 6 மணிக்கே கரையில இருக்கணும். மார்கழிக் குளிருல பூச்சி உடம்பு விறைச்சுக் கிடக்கும், கிட்டப் போனாலும் நகராது. வெயில் பட்டு அரை மணி நேரம், அவ்வளவுதான்.

மாலதி அக்கா: இன்னிக்கு வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு, காத்தும் இல்ல. பனி நல்லா இறங்கும். மேகம் மூடின ராத்திரின்னா துளியே பிடிக்காது.

கவிதா: எங்கக்கா தேடறது?

மாலதி அக்கா: சரிவுல முழங்கால் உயரப் புல்லு இருக்குல்ல, அங்க. டார்ச்சைத் தாழ்த்தி பக்கவாட்டுல அடி, தட்டான் ரெக்கையில இருக்கற துளி மின்னும். காய்ஞ்ச குச்சி நுனியையும் விடாதே. நீலப்பட்டைத் தேனீல ஆணுங்க கூட்டுல தூங்காது. குச்சியை வாயால கவ்விட்டு, காலை மடக்கி அப்படியே தொங்கும். ஒரே குச்சியில நாலஞ்சு வரிசையா இருக்கும், அவ்வளவு அழகு! ஷூ போட்டுட்டு வா, பாம்பு இருக்கற இடம்.

பிரபு: அண்ணா, 100 எம்எம் மேக்ரோல எஃப் 22 வெச்சும் படம் மங்கலாவே வருதுங்க.

செந்தில் அண்ணா: 22 வெச்சதாலதான் தம்பி. எஃப் எண் ஏற ஏற லென்ஸ் துவாரம் சின்னதாகும். அவ்வளவு சின்னதானா ஒளி துவார ஓரத்துல வளைஞ்சு பரவி மொத்தப் படமும் மழுங்கும். எஃப் 11 போதும். பூச்சியோட நிஜ அளவுல (1:1) எடுக்கறப்ப ஃபோகஸ் ஆழம், அதாவது தெளிவா விழற தடிமன், ஒரு மில்லிமீட்டர் வாக்குலதான் கிடைக்கும். அதனால கேமராவை ரெக்கைக்கு நேர் இணையா வை. ட்ரைபாட், ஐஎஸ்ஓ (கேமராவோட ஒளி உணர்திறன்) 400, ரெண்டு செகண்ட் டைமர். ஃப்ளாஷ் அடிச்சா ஒவ்வொரு துளியும் வெள்ளைப் புள்ளியாயிரும், முன்னாடி டிஷ்யூ பேப்பர் ரெண்டு மடிப்பு கட்டு.

செந்தில் அண்ணா: காத்துக்கு ஒரு வழி: குச்சியில துணி கிளிப்பைக் கட்டி மண்ணுல ஊனு. பூச்சிக்கு ஒரு சாண் கீழ தண்டைப் பிடிச்சா ஆட்டம் நிக்கும். தண்டை ஒடிக்கவே கூடாது. பனித்துளி மாதிரி தெரியணும்னு ஸ்ப்ரேயில தண்ணி அடிக்கறதும் வேண்டாம்.

மாலதி அக்கா: கவிதா, கிளிப் லென்ஸுக்கு ஓரிஞ்ச் கிட்டப் போகணும். மூச்சு விட்டா லென்ஸ்ல ஆவி படியும், மூச்சை அடக்கிக்கோ. ஃபோகஸை லாக் பண்ணிட்டு போனை மட்டும் முன்ன பின்ன மெல்ல நகர்த்தி, வரிசையா 10, 15 படம் எடு. கண்ணு தெளிவா இருக்கறதை மட்டும் வெச்சுக்கோ.

*புதன், காலை 6:58*

கவிதா: அக்கா, பெரிய தட்டான் ஒண்ணு ரெக்கையை மட்டும் நடுக்கிட்டே இருக்கு, பறக்கல. பயந்துருச்சுங்களா?

மாலதி அக்கா: இல்ல கண்ணு, பறக்கறதுக்கு தசையைச் சூடேத்துது. வெயிலை மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லு.