ஒரே எழுத்து, இரண்டு நிறம்: உங்களுக்கும் இப்படித் தெரிகிறதா?

அட்டைக்காரி:
வணக்கம். புத்தக அட்டை வரைவது என் தொழில். சின்ன வயதிலிருந்தே எழுத்துகள் எனக்கு நிறத்தோடுதான் தெரியும். க காப்பித்தூள் நிறம், அ செங்கல் சிவப்பு. எண்களும் அப்படித்தான்: 1 வெள்ளை, 8 கருநீலம்.

இப்போது ஒரு பழைய நூலின் மறுபதிப்புக்கு அட்டை போடுகிறேன். அதில் அத்தியாய எண்கள் ௧, ௨ என்று தமிழ் எண்களில் இருக்கின்றன. ௧-க்கும் க-வுக்கும் உருவத்தில் வித்தியாசமே இல்லை. ஆனால் அத்தியாயத் தலைப்பில் அது எனக்கு வெள்ளை; இரண்டு வரி தள்ளி ‘கடல்’ என்ற சொல்லில் பழுப்பு. அதே மை, அதே வளைவு. அப்புறம் நிறம் மட்டும் எப்படி மாறுகிறது? இதை அட்டையில் கொண்டுவர முடியுமா?

நரம்பியல் மாணவன்:
அக்கா, உங்களுக்கு இருப்பது சினஸ்தீசியா, அதாவது ஒன்றைப் பார்க்கும்போதோ கேட்கும்போதோ கூடவே வேறொரு புலனுணர்வும் தானாக எழுவது. உங்கள் நிறம் உருவத்தில் இல்லை, அதை என்னவென்று படிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. 5 என்றும் எஸ் என்றும் படிக்கக்கூடிய ஓர் உருவத்தை வைத்து 2006-ல் கனடா ஆய்வாளர்கள் இதையே காட்டினார்கள். எண்களுக்கு நடுவே ஒரு நிறம், எழுத்துகளுக்கு நடுவே வேறு நிறம்.

2009-ல் வந்த ஜெர்மன் ஆய்வு இன்னும் அருமை. கிளாகோலிதிக் என்ற பழைய ஸ்லாவிய எழுத்தைச் சினஸ்தீசியா உள்ளவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 10 நிமிடம் எழுதிப் பழகியதுமே, தெரிந்த எழுத்தின் நிறம் புது எழுத்துக்கு வந்துவிட்டது! அந்த ஆய்வுக் குழுவில் இருந்த டாங்கோ நிகோலிச் இதை ‘ஐடியஸ்தீசியா’ என்கிறார். கருத்துதான் புலனைத் தூண்டுகிறது என்பது அவர் வாதம்.

கரிக்கோல்:
வரைகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பழுப்பையும் வெள்ளையையும் அப்படியே பூசிவிடாதீர்கள். வாசகருக்கு அது வெறும் பெயின்ட்தான். 1911 ஜனவரியில் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் கச்சேரியைக் கேட்டுவிட்டு ஓவியர் காண்டின்ஸ்கி வரைந்த ‘இம்ப்ரெஷன் 3’ படத்தைப் பாருங்கள். முன்வரைவில் பியானோவும் கேட்பவர்களும் அடையாளம் தெரிகிறார்கள். ஓவியத்திலோ பியானோ ஒரு கறுப்புத் திட்டு, மற்றபடி எங்கு பார்த்தாலும் மஞ்சள். அவருக்கு நிஜமாகவே சினஸ்தீசியா உண்டா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. எனக்கு அது முக்கியமில்லை. கச்சேரிக்கே போகாத என்னையும் அந்த மஞ்சள் வந்து இடிக்கிறது, அதுதான் வேலை.

நரம்பியல் மாணவன்:
ஆமாம், கொஞ்சம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. நரம்பியல் ஆய்வாளர்கள் ராமச்சந்திரனும் ஹப்பர்டும் 2001-ல் எழுதிய கட்டுரைப்படி, ‘கிகி’, ‘பூபா’ என்ற அர்த்தமில்லாத இரண்டு சொற்களைக் கொடுத்தபோது அமெரிக்க மாணவர்களும் தமிழ் பேசுபவர்களும் கூர்மையான உருவத்துக்குத்தான் ‘கிகி’ என்று பெயர் கொடுத்தார்கள், உருண்டைக்கு ‘பூபா’. அக்கா, ஒன்று செய்து பாருங்கள்: ௧௯௩௪ என்று எழுதி, முதல் எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை விரலால் மூடுங்கள்.

அட்டைக்காரி:
செய்தேன். மூடியதும் உடனே மாறவில்லை. முதலில் வெள்ளையாகவே இருந்தது. மனதுக்குள் ‘க’ என்று சொன்ன பிறகுதான் ஓரத்திலிருந்து பழுப்பு ஏறியது. விரலை எடுத்தால் மறுபடி வெள்ளை. கரிக்கோல் சொன்னது சரி, இரண்டு நிறமும் வேண்டாம். அட்டை நடுவில் ஒற்றைக் ‘க’வைக் கறுப்பிலேயே பெரிதாக வைத்து, இடப்பக்கம் எண்களும் வலப்பக்கம் ‘டல்’லும் வரும்படி போட்டுப் பார்க்கிறேன். வரைவை நாளை இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.