கிராமைக் கோப்பைக் கணக்கில் மாற்றுவது எப்படி? அவசரம்

புதுவரவு: வெளிநாடு வந்து பதினொரு நாட்களே ஆகின்றன. உடன் தங்கியிருப்பவர்களுக்கு நாளைக் காலை கேக் செய்து தருவதாக வாய்விட்டுவிட்டேன். குறிப்பில் எல்லாம் கிராமில் இருக்கிறது, வீட்டிலோ தராசு இல்லை. ஒரு கோப்பையும் சில கரண்டிகளும்தான் இருக்கின்றன. 200 கிராம் என்றால் எத்தனை கோப்பை என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய வாசி: தம்பி, முதல் மாதமே தராசு வாங்கிவிடுங்கள். நான் வந்த புதிதில் தேக்கரண்டிக்கும் மேசைக்கரண்டிக்கும் வேறுபாடு தெரியாமல், 5 மில்லிலிட்டர் உப்பு சேர்க்க வேண்டிய இடத்தில் 15 மில்லிலிட்டர் சேர்த்து, அன்று சமைத்ததை முழுவதுமாகக் கொட்டினேன். அந்தக் குளிர்காலத்தில் அடுப்பைத் தொடவே பயமாக இருந்தது.

தென்துருவம்: அண்ணா, ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டி 20 மில்லிலிட்டர் என்பதால் உங்கள் உப்பு நான்கு மடங்காகியிருக்கும். தம்பி, கணக்கு எளிது: ஒரு கோப்பை மைதா 120 கிராம்.

அடுப்பங்கரை: 120 என்பது தவறு. நான் அளக்கும்போதெல்லாம் 150 கிராம் வருகிறது.

தென்துருவம்: நீங்கள் கோப்பையையே மாவுக்குள் விட்டு அள்ளுவீர்கள் போலும். அப்படி அள்ளும்போது மாவு அழுந்தி இறுகிவிடுகிறது. கரண்டியால் மெல்லச் சரித்து, கத்தியின் முதுகால் விளிம்போடு வழித்துப் பாருங்கள், அதே கோப்பை 120 கிராமுக்கு இறங்கிவிடும்.

பழைய வாசி: இந்தக் குழப்பம் போதாதென்று அவுன்ஸ் வேறு. எடையில் அது 28.35 கிராம், கொள்ளளவில் அமெரிக்கக் கணக்குப்படி 29.57 மில்லிலிட்டர். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தவரை என்னவென்று சொல்வது!

நடைமுறை: எல்லோரும் சற்றுப் பொறுங்கள். எந்தப் பொருளின் 200 கிராம் என்று தம்பி இன்னும் சொல்லவே இல்லை. ஒரே கோப்பையில் சர்க்கரை மைதாவைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் எடை நிற்கும். அமெரிக்கக் கோப்பை சுமார் 237 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியக் கோப்பை 250. உங்களுடையது எது, தம்பி?

புதுவரவு: மன்னியுங்கள். மைதா 200 கிராம், சர்க்கரை 150 கிராம், பேக்கிங் பவுடர் 8 கிராம். கோப்பையின் அடியில் 250 என்று பொறித்திருக்கிறது.

நடைமுறை: சர்க்கரை அந்தக் கோப்பையில் ஏறத்தாழ 210 கிராம் பிடிக்கும், ஆகவே முக்கால் கோப்பைக்குச் சற்றுக் குறைவாக எடுங்கள். பேக்கிங் பவுடர் வழித்த தேக்கரண்டியால் இரண்டு. மைதாவுக்கு எங்கள் கணக்கை நம்ப வேண்டாம்: பிரிக்காத பொட்டலம் இருந்தால், அதன் மேல் எடை அச்சிட்டிருக்குமல்லவா, அதிலுள்ள மாவு முழுவதையும் கரண்டியால் சரித்துச் சரித்து உங்கள் கோப்பையால் அளந்து, அச்சிட்ட எடையைக் கோப்பைகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கோப்பைக்கும் உங்கள் கைக்கும் உரிய கணக்கு அதில் கிடைத்துவிடும்.

புதுவரவு: ஒரு கிலோ பொட்டலத்தை அளந்தேன். எட்டாவது கோப்பை விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றது, அதாவது கோப்பைக்கு 127 கிராம். ஒன்றரைக் கோப்பையும் ஒரு மேசைக்கரண்டியும் எடுத்துத் தனியே வைத்துவிட்டேன். மேசையெல்லாம் மாவு; துடைத்துவிட்டு வருகிறேன்.