ஸ்டென்ட்டுக்குள் மூன்றாம் முறை அடைப்பு: பீட்டா கதிர்வீச்சு கொடுப்பது எப்படி?

வாசுகி:
வணக்கம். இதயத்துக்கு ரத்தம் தரும் வலது கொரோனரி நாளத்தில் ஏற்கெனவே இரண்டு அடுக்கு மருந்து ஸ்டென்ட் (மருந்து பூசிய உலோக வலைக்குழாய்). அதற்குள் மூன்றாம் முறையாக அடைப்பு. இப்படிப்பட்ட கேஸில் மூன்றாவது அடுக்கு வைக்காமல் கதிர்வீச்சு கொடுப்பதாகப் படித்தேன். பலூனால் திறந்த பிறகு கதிர்வீச்சு எதற்கு? டோஸும் நேரமும் எப்படி முடிவாகின்றன? கொடுத்த பிறகும் ஓரத்தில் அடைப்பு வருகிறதே, ஏன்?

நாளம்:
பலூன் விரியும்போது நாளச் சுவர் காயப்படுகிறது. அந்தக் காயத்தை ஆற்றுகிறேன் என்று மென்தசை செல்கள் பெருகி ஸ்டென்ட்டுக்குள் திசுவாக வளர்கின்றன. கதிர்வீச்சு அந்தப் பெருக்கத்தைத்தான் நிறுத்தும். சரியாக விரியாத ஸ்டென்ட்டை அது விரிக்காது, கால்சியத்தை உடைக்காது. அதனால் முதலில் ஐவஸ் (அல்ட்ராசவுண்ட்) அல்லது ஓ.சி.டி. (ஒளி) கொண்டு நாளத்தின் உட்புறத்தைப் படமெடுத்துக் காரணத்தைப் பாருங்கள். ஸ்டென்ட் விரியவில்லை என்றால் உயர் அழுத்த பலூன், கட்டிங் பலூன், தேவைப்பட்டால் லேசர். இந்த வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பது வீண்.

யாருக்கு என்பதிலும் தெளிவு வேண்டும். 2000-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தபோது வெறும் உலோக ஸ்டென்ட் அடைப்புக்கு இதுவே முதன்மை வழி. 2006-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வுகளில் அந்த அடைப்புக்கு மருந்து ஸ்டென்ட்டே மேல் என்று தெரிந்ததும் கதிர்வீச்சு பின்னுக்குப் போனது. இன்று திரும்பத் திரும்ப அடைப்பவர்களுக்கு, அதுவும் உலோகம் பல அடுக்காகிவிட்டவர்களுக்கு மட்டும்தான். 2021 அமெரிக்க வழிகாட்டுதலில் இது 2பி தரப் பரிந்துரை, அதாவது ‘பரிசீலிக்கலாம்’. பைபாஸ், மருந்து பூசிய பலூன் இரண்டையும் எடைபோட்டுவிட்டு இதற்கு வாருங்கள். மார்பில் முன்பே கதிர்சிகிச்சை பெற்றவர் என்றால் ஆன்காலஜிஸ்டிடம் பழைய டோஸ் கணக்கைக் காட்டாமல் தொடவே கூடாது.

கதிர்_இயற்பியல்:
டோஸுக்கு வருகிறேன். கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியே ‘விதைகள்’ எனப்படும் சிறு கதிரியக்கத் துண்டுகளின் வரிசையை நாளத்துக்குள் தள்ளி நிறுத்துவார்கள். அந்த வரிசைதான் கதிர் மூலம். ஸ்ட்ரான்ஷியம்-90 / இட்ரியம்-90 கருவியில் டோஸைக் குறிப்பது மூலத்தின் நடுவிலிருந்து 2 மி.மீ. தூரத்தில். நாள விட்டம் 2.7 முதல் 3.35 மி.மீ. வரை என்றால் 18.4 கிரே (உறிஞ்சப்படும் கதிர்வீச்சின் அலகு), 3.36 முதல் 4 மி.மீ. வரை என்றால் 23 கிரே. மூலம் உள்ளே நிற்கும் நேரம் பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடம். ஸ்ட்ரான்ஷியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 29 ஆண்டு. ஆண்டுக்குச் சுமார் 2.4% வலு குறையும், அதே அளவில் நேரம் கூடும். பழைய தாளில் உள்ள நிமிடத்தை அப்படியே எடுத்து வைக்காதீர்கள். காமா மூலமான இரிடியம்-192-க்கு இதைவிட வெகுநேரம் ஆகும். அது ஊடுருவும் தன்மை உள்ளது, அறையில் இருப்பவர்களும் வெளியேற வேண்டும்.

ஓர அடைப்புக்கு முக்கியக் காரணம், காயப்பட்ட இடமெல்லாம் டோஸுக்குள் வராமல் போவது. ஸ்டென்ட்டின் நீளத்தை வைத்து மூலத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் தவறு. ஸ்டென்ட் 18 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், பலூன் முன்னும் பின்னும் நழுவியதில் காயம் 26 மி.மீ. ஆகிவிட்டது. இரு பக்கமும் 5 மி.மீ. சேர்த்தால் 36. இங்கே 30 மி.மீ. வரிசை போதாது, 40 வேண்டும். வரிசையின் கடைசி விதைகளில் டோஸ் தேய்ந்துபோகும். காயம் பட்ட ஓரத்துக்குக் குறைந்த டோஸ் மட்டும் கிடைத்தால் அங்கே திசு வளர்ந்துவிடும். எனவே ஒவ்வொரு பலூனும் விரிந்த நிலையில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எங்கிருந்து எங்கே வரை காயம் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

வாசுகி:
மிக்க நன்றி. மூலத்தைத் தள்ள சலைன் பயன்படுத்தலாமா? நடுவில் நெஞ்சுவலி வந்தால்?

கேத்லேப்_பணி:
சலைன் வேண்டாம், ஸ்டெரைல் தண்ணீர் மட்டுமே. உப்பு காய்ந்து படிந்தால் விதைகள் சிக்கும். கதீட்டர் வளைந்து மடங்கினாலும் இதே கதைதான். இரண்டு மார்க்கருக்கும் நடுவே விதைகள் வந்து நின்றதை ஃப்ளோரோவில் (நேரடி எக்ஸ்கதிர் படத்தில்) பார்த்த பிறகே டைமரை ஓட்டுங்கள். தள்ளும் தண்ணீரின் அழுத்தம் விட்டால் வரிசை பின்னால் நகரும்.

கதீட்டர் நாளத்தை ஓரளவு மறைப்பதால் வலியும் ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. மாற்றமும் வரக்கூடும். தாங்காவிட்டால் விதைகளைத் திருப்பி எடுத்து, டைமரை நிறுத்தி, ரத்த ஓட்டம் சீரானதும் மீதி நேரத்தைக் கொடுக்கலாம். விதைகள் திரும்பாமல் சிக்கினால் கதீட்டரோடு சேர்த்து உருவி, மேசையருகே தயாராக வைத்த அக்ரிலிக் பெட்டிக்குள் போட வேண்டும். பீட்டாவுக்கு நேரடியாக ஈயம் கூடாது, எக்ஸ்கதிர் கிளம்பும். முடிந்ததும் நோயாளியையும் கருவியையும் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரால் சரிபாருங்கள். எல்லா விதையும் கருவிக்குள் வந்துவிட்டதென்றால் நோயாளியிடம் கதிரியக்கம் எதுவும் தங்காது. வீட்டில் குழந்தைகளைத் தூக்கலாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நாளம்:
ஒன்று விட்டுப்போனது. கதிர்வீச்சு உட்சுவர் மூடுவதையும் தாமதப்படுத்தும். பல மாதம் கழித்தும் ரத்தம் உறையலாம். அதனால் ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல் குறைந்தது ஓராண்டு, ரத்தக்கசிவு அபாயம் இல்லையென்றால் அதற்கு மேலும். அதே அமர்வில் புது ஸ்டென்ட் வைத்தால் இந்த அபாயம் இன்னும் கூடும், முடிந்தவரை தவிருங்கள். பல் பிடுங்குவதற்காக யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால் முதலில் உங்களை அழைக்கும்படி எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.