ஸ்லோ குவெரி லாக் காலியாம், டேட்டாபேஸ் நிரபராதியாம்!

நத்தைவேகம்: ஒரு சைட் மெதுவாகத் திறக்கிறது என்ற புகாருக்கு நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "மைஎஸ்க்யூஎல் ஸ்லோ குவெரி லாக் காலி, ஆகவே டேட்டாபேஸ்மேல் குற்றமில்லை, ரேமைக் கூட்டுங்கள்." படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. அதிக நேரம் இழுக்கும் குவெரிகளை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை, குறித்துவைக்கும் அந்த லாக் இயல்பிலேயே அணைந்துதான் கிடக்கும். இயக்கினாலும் 'லாங் குவெரி டைம்' வரம்பு 10 வினாடி. ஒன்பது வினாடி இழுக்கும் குவெரிகூட அதில் விழாது.

கடப்பாரை: "ஒருவர்" என்ன ஒருவர், நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். அந்த சைட்டில் பதிலின் முதல் பைட் வரவே 3 வினாடி ஆகிறது, பிங் (சர்வருக்குப் போய்வரும் நேரம்) 20 மில்லிசெகண்ட்தான். சைட்டின் பிஎச்பி நிரலை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் லாகில் மேக்ஸ் சில்ட்ரன், அதாவது கோரிக்கைகளைக் கவனிக்கும் வொர்க்கர்களின் உச்ச எண்ணிக்கை, எட்டிவிட்டதாக எச்சரிக்கை. வொர்க்கர் போதவில்லை. வொர்க்கரைக் கூட்ட ரேம் வேண்டும்.

நத்தைவேகம்: ஏன் போதவில்லை? இருப்பதெல்லாம் டேட்டாபேஸ் பதிலுக்குக் கைகட்டி நிற்கிறது. வொர்க்கரைக் கூட்டினால் கியூ டேட்டாபேஸ் வாசலுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். வரம்பு 10 தானே வைத்திருந்தீர்கள்?

கடப்பாரை: காலி என்றால் காலி.

பாதசாரி: கர்ல் கட்டளை போட்டு நேரத்தைப் பிரித்துப் பார்த்தீர்களா? டிஎன்எஸ் (முகவரி தேடல்), டிசிபி (இணைப்பு), டிஎல்எஸ் (இணைப்பைப் பாதுகாப்பாக்குதல்) எல்லாம் சேர்ந்ததுதான் முதல் பைட் நேரம். டிஎல்எஸ் முடியும்வரை ஆனதைக் கழித்தால்தான் சர்வர் எடுத்த நேரம் ஏறக்குறைய தெரியும்.

நத்தைவேகம்: அது அப்புறம். 10 ஆ, இல்லையா?

தமிழ்க்காதலன்: 'வழங்கி' என்ற அழகான சொல் இருக்க, சர்வர் சர்வர் என்று ஏன் இந்தக் கூத்து?

கடப்பாரை: பெயரை மாற்றினால் சீக்கிரம் வழங்கிவிடுமா?

தமிழ்க்காதலன்: கிண்டலுக்கு மட்டும் தமிழ் நன்றாக வருகிறது.

பாதசாரி: வரம்பை 1 வினாடிக்குக் குறைத்தாலும் பயனில்லாமல் போகலாம். ஒரு பக்கத்துக்கு 1,200 குவெரி, தலைக்கு 2 மில்லிசெகண்ட் என்றால் மொத்தம் 2.4 வினாடி. லாகில் ஒன்றுகூட வராது. திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் குவெரி இருக்கிறதா என்று பாருங்கள்.

நத்தைவேகம்: அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்!

கடப்பாரை: எங்கே சொன்னீர்கள்? பத்து பத்து என்று வாய்ப்பாடுதான் ஒப்பித்தீர்கள். போன மாதம், பக்கத்தை அப்படியே சேமித்து எல்லோருக்கும் கொடுக்கும் முழுப்பக்க கேஷ் போடச் சொல்லி, லாகின் செய்தவரின் பக்கத்தை ஊருக்கெல்லாம் காட்டிய புண்ணியவான்தானே நீங்கள்?

நத்தைவேகம்: லாகின் குக்கி உள்ளவர்களைக் கேஷிலிருந்து விலக்கச் சொன்னேன், படிக்காதது உங்கள் தப்பு. பேச்சை மாற்றாதீர்கள்.

கடப்பாரை: ரேம் இரட்டிப்பாக்கியாயிற்று. இப்போது 2.7 வினாடி. குறைந்ததா இல்லையா?

தமிழ்க்காதலன்: நினைவகம்.

நத்தைவேகம்: வரம்பு 10 ஆ, இல்லையா?