ஜெர்மனிக்குக் குடும்பத்தோட மாறுறோம்: மருத்துவக் காப்பீடு பப்ளிக்கா, பிரைவேட்டா? ஊர்ல அப்பா அம்மாவுக்கு எந்தப் பாலிசி?

சமாதானபுரம்_பாளை:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். 2026 ஏப்ரல் 1-ல மியூனிக்ல வேலைக்குச் சேரணும். சம்பளம் 82,000 யூரோ, அதுல 6,000 பெர்ஃபார்மன்ஸ் போனஸ். மனைவி இப்ப 4 மாசம். பையனுக்கு 6 வயசு, வீசிங் உண்டு, இன்ஹேலர் எடுக்கான். மருத்துவக் காப்பீடு பப்ளிக்கா (சட்டப்படியான பொதுக் காப்பீடு) பிரைவேட்டான்னு ஹெச்.ஆர் கேக்குறாங்க. பிரைவேட்தான் மலிவுன்னு ஒரு ஏஜெண்ட் தினமும் போன் போடுதார். அப்பாவுக்கு 64, சுகர், பிபி. அம்மாவுக்கு 59. ரெண்டு பேரும் ஊர்லதான் இருப்பாங்க. இப்ப எல்லாருக்கும் என் கம்பெனி மெடிக்ளெய்ம்தான், அது மார்ச் 31-ஓட முடியுது. எதை முதல்ல செய்யணும்?

முருகன்குறிச்சி_கணக்கு:
தம்பி, முதல்ல அந்த 6,000-ஐப் பாருங்க. 2026-ல வருசச் சம்பளம் 77,400 யூரோவைத் தாண்டினாத்தான் பிரைவேட்டுக்குப் போகவே முடியும். உறுதியா வரும்னு ஒப்பந்தத்துல எழுதின போனஸ் மட்டும்தான் அந்தக் கணக்குல சேரும். ‘இலக்கை எட்டினால்’னு இருந்தா சேராது. அப்படின்னா உங்க சம்பளம் 76,000. பப்ளிக்தான் கட்டாயம், பிரைவேட்ங்கிற பேச்சுக்கே இடமில்ல. ஏஜெண்ட் 82,000-ன்னு வெச்சுத்தான் விக்கப் பாக்கார்.

போனஸ் உறுதின்னே இருந்தாலும் உங்க குடும்பத்துக்கு நான் பப்ளிக்தான் சொல்லுவேன். பிரைவேட்ல ஆளுக்கு ஒரு பிரீமியம். அவர் சொல்லுத மலிவு விலை உங்க ஒருத்தருக்கு மட்டும். மனைவி, பையன், பிறக்கப்போற பிள்ளை எல்லாருக்கும் தனித்தனியாக் கட்டணும். சேரும்போது உடல்நிலைக் கேள்விகள் வரும். வீசிங்குக்குக் கூடுதல் பிரீமியம் போடலாம், இல்ல சேர்க்கவே மாட்டேன்னும் சொல்லலாம். பிரசவத்துக்கு 8 மாசக் காத்திருப்பு வழக்கம், அதனால இந்தப் பிரசவத்துக்கு அது உதவாது. பின்னால மனசு மாறி பப்ளிக்குக்குத் திரும்பணும்னா சம்பளம் வரம்புக்குக் கீழ இறங்கணும், 55 வயசுக்கு மேல அந்தக் கதவும் அநேகமா மூடிரும்.

பப்ளிக்ல கேள்வியே கிடையாது. வருமானம் இல்லாத மனைவியும் பிள்ளைகளும் ‘ஃபமீலியன்ஃபெர்ஸிஷெரூங்’ங்கிற குடும்பக் காப்பீட்டு ஏற்பாட்டுல இலவசமாச் சேந்துருவாங்க. சம்பளத்துல பொது விகிதம் 14.6%, கூடுதல் விகிதம் சராசரியா 2.9%. ஆக 17.5%-ல பாதி உங்களுக்கு, பாதி கம்பெனிக்கு. மாசம் 5,812.50 யூரோவுக்கு மேல சம்பளம் இருந்தாலும் அதுவரைதான் கணக்கு. உங்க பங்கு ஏறக்குறைய 509, பராமரிப்புக் காப்பீடு (முடியாமப் போனா பாத்துக்கிறதுக்கு) 105, மொத்தம் 614 யூரோ போல வரும். கூடுதல் விகிதம் காஸைக்குக் காஸை (பப்ளிக் காப்பீட்டை நடத்துற நிறுவனம்) மாறும், சிகிச்சைப் பலன்கள் பெரும்பாலும் ஒண்ணுதான். அதனால இங்கிலீஷ்ல பேசுற ஆள் இருக்கிற காஸையா எடுங்க.

சமாதானபுரம்_பாளை:
பாத்துட்டேன் அண்ணாச்சி, போனஸ் உறுதின்னு எங்கயும் இல்ல. ஏஜெண்ட் நம்பரை பிளாக் பண்ணிட்டேன். அடுத்த குழப்பம் என்னன்னா, பிரசவத்தை ஊர்லயே பாத்துட்டு அப்புறமா அனுப்பலாம்னு அத்தை சொல்லுதாங்க. சரியா வருமா?

குலவணிகர்புரம்_77:
வராது. மார்ச் 31-க்கு அப்புறம் ஊர்ல அவங்க மேல எந்தப் பாலிசியும் இருக்காது. இப்பப் புதுசா எடுத்தாலும் பிரசவத்துக்கு 9 மாசம் முதல் சில வருசம் வரை காத்திருப்பு. ஜெர்மன் பப்ளிக்கோ அவங்க அங்க குடியேறின நாள்ல இருந்துதான் செல்லும், வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரி பில்லுக்குக் காசு தராது. முழுச்செலவும் கையில இருந்துதான் போகும்.

கூட்டிட்டுப் போயிருங்க. பெரும்பாலான விமானக் கம்பெனிகள் 28 வாரத்துக்கு மேல டாக்டர் சான்று கேக்கும், 36-க்கு மேல ஏத்தாது. வளைகாப்பை முன்னாடியே ஒரு நல்ல நாள்ல வெச்சுக்கிட்டா அத்தைக்கும் குறை இருக்காது. அங்க பரிசோதனை, பிரசவம், அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்து பாக்குற மருத்துவச்சி எல்லாம் பப்ளிக்ல அடங்கும். மருத்துவச்சி கிடைக்கிறதுதான் குதிரைக்கொம்பு. போய் இறங்கின வாரமே தேட ஆரம்பிங்க.

ஒரு இடைவெளி இருக்கு, கவனம். பப்ளிக் தொடங்குறது விமானம் இறங்குற நாள்ல இல்ல, வேலை தொடங்குற நாள்ல. மார்ச் 28-ல இறங்கினா நடுவுல உள்ள நாளுக்குத் தனிப் பயணக் காப்பீடு போடணும். அதுல கர்ப்பமும் பழைய நோயும் பெரும்பாலும் சேராது. அதனால நீங்க முன்னாடி போங்க, அவங்க ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்து இறங்கட்டும்.

கையில எடுத்துட்டுப் போக வேண்டியது: சார்பதிவாளர் ஆபீஸ் திருமணச் சான்று (கோயில் ரசீது செல்லாது), பையன் பிறப்புச் சான்று, ஸ்கேன் ரிப்போர்ட், இன்ஹேலர் சீட்டு. சீட்டுல மருந்தோட மூலப்பெயர் இருக்கணும், பிராண்டு பேரு அங்க புரியாது. காப்பீட்டு அட்டை வர சில வாரம் ஆகும். அதுக்குள்ள டாக்டரைப் பாக்கணும்னா காஸையில தற்காலிகச் சான்று கேட்டு வாங்குங்க, இல்லன்னா பில்லைக் கையில நீட்டிருவாங்க.

ஹைகிரவுண்டு_ரோடு:
அப்பா அம்மா விஷயத்தை யாரும் தொடல. அவங்களை ஜெர்மன் குடும்பக் காப்பீட்டுல சேர்க்க முடியாது. சும்மா பாக்க வந்தாலும் 30,000 யூரோவுக்குக் குறையாத ஷெங்கன் பயணக் காப்பீடுதான், சுகர் பிபி அதுல பெரும்பாலும் ஏறாது.

வேலையை விடுறதுக்கு முன்னயே, இப்ப குரூப் பாலிசி தர்ற அதே இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட அவங்களைத் தனிப் பாலிசிக்கு மாத்தித் தரச் சொல்லி எழுத்துல கேளுங்க. இன்சூரன்ஸ் கம்பெனி சம்மதிச்சு மாத்திட்டா, பழைய நோய்க்குக் கிளெய்ம் தராத காத்திருப்புக் காலத்துல இதுவரை கழிஞ்சது கணக்குல வரும். விட்டுட்டு ஜூன் மாசம் புதுசா எடுத்தா அப்பாவோட சுகருக்கு 36 மாசம் வரைக்கும் மறுபடி முதல்ல இருந்து எண்ணணும். சுகர் பிபியை மறைக்காம எழுதுங்க. மறைச்சா, 60 மாசம் முடியுறதுக்குள்ள அதைக் காட்டி கிளெய்மைத் தள்ளிரலாம்.

பாலிசியில மூணு வரியைத் தேடிப் படிங்க. ஒண்ணு, 60 வயசுக்கு மேல சேர்றவங்களுக்குக் கோ-பே (பில்லுல ஒரு பங்கை நாமளே கட்டுறது) உண்டா? ரெண்டு, சோன், அதாவது ஊரை வெச்சுப் பிரீமியம் பிரிக்கிறது. நெல்லை முகவரிக்குப் பிரீமியம் குறைவுதான், ஆனா சில பாலிசியில சென்னையில அட்மிட் ஆனா பில்லுல ஒரு பங்கு நம்ம தலையில விழும். மூணு, ரூம் வாடகை வரம்பு. 5 லட்சம் பாலிசியில 1%-ன்னா ஒரு நாளைக்கு 5,000. நீங்க 8,000 ரூம் எடுத்தா வித்தியாசம் 3,000-ஓட நிக்காது. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் மாதிரிச் செலவெல்லாம் எட்டுல அஞ்சு பங்குதான் கிடைக்கும். மருந்து, டெஸ்டுக்கு மட்டும் இந்த வெட்டு இல்ல. ரூம் வரம்பே இல்லாத பாலிசி கொஞ்சம் விலை கூடினாலும் எடுத்துருங்க.

தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜி.எஸ்.டி. கிடையாது. பழைய கொட்டேஷனை வெச்சுக் கணக்குப் போடாதீங்க.

ஜெர்மனியில கிடந்தா புதுப்பிக்கிற தேதி மறந்துபோகும். வருசப் பாலிசிக்கு 30 நாள் சலுகை உண்டு, ஆனா அந்த நாட்கள்ல அட்மிட் ஆனா பணம் வராது. என்.ஆர்.ஓ. கணக்குல (வெளிநாட்டுல இருக்கிறவங்க இந்தியாவுல வெச்சுக்கிற ரூபாய் வங்கிக் கணக்கு) ஆட்டோ-டெபிட் போட்டுட்டு, ஊர்ல உள்ள ஒரு ஆள் நம்பரையும் பாலிசியில சேர்த்துருங்க.

பேட்டை_ராஜா:
ரெண்டே விஷயம். பல்லு வேலை இருந்தா இங்கயே முடிச்சுட்டுப் போங்க. அங்க பல்லுக்குக் கிரீடம் (கேப்) வெச்சா பப்ளிக் தர்றது அடிப்படைச் சிகிச்சைச் செலவுல 60%தான். பெரியவங்க கண்ணாடிக்குப் பொதுவா ஒண்ணும் கிடையாது.

இன்னொண்ணு, மனைவி பேருல வீட்டு வாடகையோ எஃப்.டி. வட்டியோ ஊர்ல வந்தா அதுவும் அவங்க வருமானம்தான். 2026-ல மாசம் 565 யூரோ தாண்டிச்சுன்னா இலவசக் குடும்பக் காப்பீடு கிடையாது. காஸை ஃபாரத்துல கேப்பாங்க, உள்ளதை எழுதுங்க. பின்னால தெரிஞ்சா பழைய மாசத்துக்கும் சேர்த்து வசூல் பண்ணிருவாங்க.